தாடி வைத்த மகாராணி

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் குருசுமுத்துவைத் தெரியாத தமிழர் இருந்திருக்கலாம், அவனுடைய தாடியைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆள் மெலிந்த, சின்ன உருவம். தாடி மட்டும் நெஞ்சைத் தொட்டது. "பின்னால பார்த்தால் பள்ளிக்கூடப் பொடியன், முன்னால பார்த்தால் வேதாகமத்து மோயீசன்" என்று தவமலர் அக்கா சொல்லுவார். தவமலர் அக்கா அந்த ஊரில் தையல் மெஷின் வைத்திருந்த ஒரே தமிழ்ப் பெண். அவருடைய வாயும் அந்த மெஷின் மாதிரித்தான், தொடங்கினால் நிற்காது.

தாடி அழகுக்கு வளர்த்தது இல்லை. மடுமாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடன்.

குருசுமுத்து மன்னாரில் பேசாலையில் பிறந்தவன். தகப்பன் கரைவலைக்காரர். அந்த ஊரில் கூத்தென்றால் சோறு தண்ணி மறந்துபோகும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுகிற வழக்கம். குருசுமுத்துவுக்கு ஒடுங்கின நாடி, எட்டாத உயரத்துக்குப் போகிற குரல். அதனால் மீசை அரும்பிய வயதிலிருந்தே அவன்தான் ராணி. எத்தனை இராசாக்களுக்குப் பெண்சாதியாக இருந்தான், எத்தனை தரம் தாலியறுத்து அழுதான் என்று அவனுக்கே கணக்கில்லை. முப்பது வயதை நெருங்கும்போது அவனுக்கே ஒரு பெண்சாதி வந்தாள், யசிந்தா. இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கலியாணம். அவனையும் ஒருவரும் கேட்கவில்லை, அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. சேர்ந்திருந்தது எட்டு மாதம். பிறகு ஆமிக்காரன் இளைஞர்களை அள்ளத் தொடங்க, இவன் எண்பத்தாறில் டென்மார்க் வந்து சேர்ந்தான்.

"கெதியில உம்மைக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு வந்தவன். வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, மனைவியை அழைக்க விண்ணப்பமும் போட்டான். அதோடு கதை நின்றது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் அமைச்சர் ஒருவர் மறைவாகப் போட்ட தடையால் கோப்பன்ஹேகனில் கோப்புக் கட்டுக்கு அடியில் போன காலம் அது. பின்னாளில் அதுவே பெரிய வழக்காகி ஒரு அரசாங்கமே விழுந்தது. அப்போது அதெல்லாம் ஆருக்குத் தெரியும்? கேட்கப் போனால் "பொறுங்கள்" என்ற ஒரு சொல்தான். பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் சவரக் கத்தியைக் கழுவி உறையில் போட்டான். "மாதாவே, யசிந்தா இந்த மண்ணில கால் வைக்கிற நாளில்தான் இனி இதை எடுப்பன்."

வேலை முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, ஊட்டுவது. அந்த வேலையில் தாடி பெரிய இடைஞ்சல். கிழவர்கள் தடுமாறும்போது பிடிப்பதற்குக் கைக்கு எட்டினதைத்தான் பிடிப்பார்கள். பொறுப்பான தாதி நேரே சொல்லிவிட்டார்: காலையில் கழுவி வர வேண்டும், சாப்பாடு கொடுக்கும்போது வலை போட வேண்டும். கரைவலைக்காரன் மகன் கடலை விட்டுத் தாடிக்கு வலை போட்டான்.

அந்த இல்லத்தில் எல்லன் என்று ஒரு கிழவி. தொண்ணூறு வயது, கால் இல்லை, வாய் இருந்தது. குருசுமுத்து கட்டிலை ஒழுங்குபடுத்தக் குனிந்தால் சீப்பை எடுத்து அவனுடைய தாடியை வாரிவிடுவாள்.

"அமைச்சரின் மேசையை விட உன் தாடி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது" என்பாள்.

"இரண்டையும் வெட்ட வேண்டும்" என்பான் அவன், தன்னுடைய உடைந்த டேனிஷில். கிழவி கட்டில் குலுங்கச் சிரிப்பாள்.

எண்பத்தொன்பதில் அந்தத் தடை எடுபட்டது. கட்டின் அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின. ஒருவனுக்கு மனைவி வந்தாள், இன்னொருவனுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். குருசுமுத்துவுக்கு மட்டும் இன்னும் இல்லை. இன்றைக்கு வருமோ நாளைக்கு வருமோ என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில்தான் விக்ரோரியா மகாராணி வந்து நுழைந்தா.

அகதிகளுக்கு உதவி செய்த டேனிஷ் பெண்கள் சிலர் பாட்டும் நாடகமுமாக ஒரு கலைமாலை வைக்க விரும்பினார்கள். "உங்கள் ஊர் நாடகம் ஒன்று போடுங்கள்" என்றார்கள். தமிழரைக் கூட்டியது அன்ரனி அண்ணை. மன்னாரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கூத்துப் பாட்டுக் கட்டத் தெரியும். தன் வீட்டு வரவேற்பறையில் எல்லோரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அறிவித்தார்:

"விக்ரோரியா மகாராணி சரித்திரம். பாதி கட்டிப்போட்டன்."

"அண்ணை, அது இங்கிலாந்து ராணியெல்லோ?" என்றான் மத்தளக்கார சிவானந்தன். அவன் மட்டக்களப்பு ஆள். "நாங்கள் டென்மார்க்கில இருக்கிறம்."

"அதுக்குத்தான். உனக்கு விசயம் தெரியாது. விக்ரோரியா தன்ர மூத்த மகனுக்குப் பொம்பிளை எடுத்தது எங்கையிருந்து? டென்மார்க்கில இருந்து! அலெக்சாந்திரா எண்டு பேர். அப்ப இந்தச் சனம் ஆர்? மகாராணிக்குச் சம்பந்தி வீட்டுக்காரர். மகாராணி ஆர்? எங்களையும் ஆண்டவ. அப்ப நாங்கள் மாப்பிளை பகுதி, அவையள் பொம்பிளை பகுதி. கலைமாலைக்கு வாறவையைச் சம்பந்தியளாத்தான் வரவேற்க வேணும். வாசலில சந்தனம், பன்னீர், முன்வரிசைக் கதிரை. ஒரு குறை வரப்படாது."

இந்தக் கணக்கில் பிழை பிடிக்க ஒருவராலும் முடியவில்லை.

"ராணி ஆர்?" என்று தவமலர் அக்கா கேட்டார். கேட்டுக்கொண்டே எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். குருசுமுத்து தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குரல் உன்னட்டைத்தான் கிடக்கு" என்றார் அன்ரனி. "பதினெட்டு வயசில ராணியான பிள்ளை, தம்பி. உந்தக் காட்டை எடுக்க வேணும்."

"நேர்த்தியண்ணை."

"மாதாவுக்கு விளங்கும். நல்ல காரியத்துக்குத்தானே."

"மாதாவுக்கு விளங்கும். விசாக் கந்தோருக்கு விளங்குமோ?" குருசுமுத்து கோப்பையை வைத்தான். "இவ்வளவு காலம் பிடிச்சுப்போட்டு, வாற நேரத்தில கையை விடுறதோ? நாளைக்கே அவளின்ர விசா மறுத்துப்போட்டினம் எண்டு வந்தால், நான் கண்ணாடியில என்ர மூஞ்சையைப் பார்க்கிறதோ? என்னாலை ஏலாது. வேற ஆளைப் பாருங்கோ."

வேறு ஆட்களைப் பார்த்தார்கள். சிவானந்தன் பாடிக் காட்டினான். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. இன்னொருவன் பாடினான், அன்ரனி அண்ணையின் முகம் தலைவலிக்காரன் முகமாக மாறியது. கடைசியில் தவமலர் அக்காதான் வழி சொன்னார்.

"அந்த மனிசி புருசன் செத்தாப்பிறகு சாகுமட்டும் கறுப்புத்தானே உடுத்தவ? அப்ப கிழவியில இருந்து தொடங்குங்கோ. முகத்தை மறைச்சுக் கறுத்த லேஸ் போட்டு இருத்துவம். அவ இருந்தபடி பழசெல்லாம் நினைச்சுப் பாடட்டும். உள்ளுக்கை தாடி கிடந்தால் ஆர் கண்டது?"

அன்ரனி அண்ணைக்கு நெஞ்சு வெடித்தது. முடிசூட்டு, அரச கொலு, கலியாணம் எல்லாவற்றையும் ஒரு கைம்பெண்ணின் நினைவாக மாற்றுவதென்றால் கட்டின பாட்டில் பாதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனாலும் கட்டினார்.

ஒத்திகை தொடங்கியது. உச்சத்துக்குப் போகும்போது மூச்சை இழுத்தால் லேசும் வாய்க்குள் போனது. முடிசூட்டில் மோதிரத்தைப் பேராயர் பிழையான விரலில் நெரித்து ஏற்றிவிட, பிறகு குளிர்த் தண்ணீரில் கையை வைத்துத்தான் கழற்றினார்கள் என்ற இடத்தில் குருசுமுத்து பாட்டை நிறுத்தினான்.

"இதென்ன கதை? சவர்க்காரம் போட்டு, நூலைச் சுத்தி இழுத்தால் வரும். இல்லத்துக் கிழவியளுக்குக் கிழமைக்கு ஒண்டு கழட்டுறன்."

"ராணி கதைக்கப்படாது, பாட வேணும்" என்றார் அன்ரனி.

லேஸ் கொடுத்தது எல்லன். தன் மாமியாருடையதை அலுமாரியில் வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டவள், விக்ரோரியா என்றதும் மூஞ்சையைச் சுளித்தாள்.

"அந்த மனிசியா? ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநாலாம் ஆண்டு ஜேர்மன்காரர் எங்கள் நிலத்தைப் பிடித்தபோது அவள் மனசு அவர்கள் பக்கம்தான் நின்றது. என் தாத்தா அந்தச் சண்டையில் காயப்பட்டவர். மருமகள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணம் கொஞ்சமாவது வேண்டாமா?"

குருசுமுத்து இதைப் போய் அன்ரனி அண்ணையிடம் சொன்னான். சம்பந்தி வீட்டில் இப்படி ஒரு மனஸ்தாபம் கிடப்பது தெரியாமல் போய்விட்டதே என்று அவர் பதறிப்போனார். உடனே மாமியாரும் மருமகளும் வாய்த்தர்க்கம் செய்கிற தருப் பாட்டு ஒன்றைக் கட்டிச் சேர்த்தார். அதில் டேனிஷ் மருமகளுக்கே வெற்றி. மருமகள் வேடம் சிவானந்தனுக்கு. "அப்படியானால் லேசைக் கொண்டுபோ" என்றாள் எல்லன். "நானும் வருவேன். முன்வரிசை."

அந்தக் கிழமைதான் செய்தி வந்தது. யசிந்தாவுக்கு அனுமதி. கலைமாலை நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் வந்து இறங்குவது அதற்கு இரண்டு நாள் முந்தி.

குருசுமுத்து கத்தரிக்கோல், சவரக் கத்தி, சவர்க்காரம், நீல நிறத் தகர பிஸ்கற் ரின் ஒன்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கோப்பன்ஹேகனில் கஸ்ட்ரப் விமான நிலையத்துக்குப் போனான். அவள் வெளியே வந்தாள். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, மேலே ஆரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு. அவன் முன்னால் போய் நின்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"யசிந்தா."

நின்றாள். திரும்பினாள். மேலிருந்து கீழே பார்த்தாள்.

"என்ரை மாதாவே! இதென்ன கோலமப்பா? கடிதத்தில தாடி எண்டுதானே எழுதினனீங்கள். இது கிடாய் மாதிரியெல்லோ கிடக்கு."

"ஒரு நிமிசம் நில்லும், வாறன்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

வந்திறங்கின பெண்சாதியை நடுவழியில் விட்டுவிட்டு மலசலகூடத்துக்கு ஓடின மனிதனை என்னவென்று சொல்வது? நேர்த்தி அப்படி. கேட்டது கிடைத்தால் தாமதிக்கக் கூடாது. அவள் பெட்டிமேல் இருந்து காத்திருந்தாள். அவன் வெளியே வந்தபோது நெற்றி கறுப்பு, நாடி வெள்ளை. இரண்டு முகத்தை ஒட்டின மாதிரி இருந்தது. கையில் பிஸ்கற் ரின்.

"இதுக்குள்ளை என்ன?"

"தாடி. மடுவுக்கு அனுப்ப வேணும்."

"நான் சாப்பிடத் தாறியள் எண்டு நினைச்சன்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு ரயிலில் ஏறி எதிரெதிரே இருந்தார்கள். எட்டு மாதம் தெரிந்தவளை மூன்று வருடத்துக்கு மேலாகக் காணாமல் இருந்தால் என்ன கதைப்பது? "குளிருதோ?" என்று கேட்டான். "இல்லை" என்றாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் "குளிருதோ?" என்று கேட்டான். கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான். நேரே அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது. தாடி வளர்த்து, வேண்டி, இழுத்து வந்துவிட்டேன். இவளுக்கு வர விருப்பமோ என்று ஒருநாளும் கேட்கவில்லையே.

அந்தக் காலத்தில் ரயில் கப்பலுக்குள் ஏறித்தான் கடலைக் கடக்கும். கடற்கரைப் பெண் அல்லவா, யசிந்தா மேல்தட்டுக்குப் போக வேண்டும் என்றாள். போனார்கள். நவம்பர் காற்று முகத்தில் அறைந்தது.

"இது கடலோ? மீன் மணமில்லை, ஒண்டுமில்லை. கழுவி வச்ச மாதிரிக் கிடக்கு."

அவள் மறுகரை வரும்வரை அங்கேயே நின்றாள். அவனும் பக்கத்தில் நின்றான். இரண்டு வருடமாகக் கம்பளி போர்த்தியிருந்த கழுத்தும் நாடியும் மொட்டையாக அந்தக் காற்றில் நின்றால் என்ன ஆகும்? ஹொல்ஸ்டெப்ரோவில் இறங்கும்போது குருசுமுத்து "வாரும்" என்றான். காற்று மட்டும் வந்தது.

மறுநாள் ஒத்திகையில் அன்ரனி அண்ணை தலையில் கைவைத்துக் குந்தினார்.

"தாடி இருக்கேக்கை குரல் இருந்தது. தாடி போக, அதையும் கூட்டிக்கொண்டு போட்டுது."

தவமலர் அக்கா மிளகும் தேனும் கொடுத்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். ஒன்றுக்கும் தொண்டை கேட்கவில்லை. சிவானந்தன் ராணியின் பாட்டைப் பாடிப் பார்த்தான். மூலையில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த யசிந்தா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்த இடத்தில இறக்கப்படாது. ஏத்திப்போட்டுத்தான் இறக்க வேணும்."

"எங்கை, பாடும் பாப்பம்?" என்றார் அன்ரனி.

பாடினாள். கையில் ஈரக் கோப்பை. பேசாலையில் அவள் வீட்டு வேலிக்குப் பின்னால்தான் கூத்துக் கொட்டகை. ஆண்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். சிவானந்தன் மத்தளத்தை மடியில் எடுத்தான்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனால் கூத்தில பொம்பிளையள் ஏறுறேல்லையே" என்று அன்ரனி அண்ணை இழுத்தார்.

"ராணி பொம்பிளையோ ஆம்பிளையோ?" என்று கேட்டார் தவமலர் அக்கா.

"பொம்பிளை."

"பிறகென்ன? தாடிக்காரனை ராணியாக்க முக்காடு தேடினனாங்கள். இப்ப உண்மையான பொம்பிளை நிக்கேக்கை உங்களுக்கு வழக்கம் ஞாபகம் வருதோ?"

அன்ரனி அண்ணை பாட்டுக் கொப்பியை எடுத்து நீட்டினார். ஆனால் யசிந்தா கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு இன்னொன்று சொன்னாள்:

"நான் ஏறுவன். ஆனால் கைம்பெண்ணா இருக்க மாட்டன். புருசனிட்டை வந்து ரெண்டு நாள். என்னைக் கறுத்தத் துணியால மூடி, புருசன் செத்துப்போனார் எண்டு பாடச் சொல்லுறியளோ? வேற ஆளைப் பாருங்கோ."

குருசுமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் இதே வீட்டில் இதே சொல்லைத்தான் சொன்னவன்.

ஆகவே கூத்து திரும்பவும் தலைகீழாகி நேராக நின்றது. முதலில் கட்டின பாட்டுகளே வெளியே வந்தன, மெட்டு தெரிந்த யசிந்தா இரவிரவாக வரிகளைப் பாடமாக்கினாள். ராணிக்கு உடுப்புத் தைக்க நேரமில்லை. யசிந்தா தன் பெட்டியிலிருந்து கலியாணச் சீலையை எடுத்தாள், வெள்ளைப் பட்டு. "மகாராணியும் வெள்ளையிலதான் கட்டினவ" என்று அன்ரனி அண்ணை துள்ளினார். குரல் இல்லாத குருசுமுத்துவை அல்பேர்ட் இளவரசராக்கினார்கள். இளவரசருக்கு வந்து நிற்பதும் தலையாட்டுவதும்தான் வேலை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. வாசலில் ஒவ்வொரு டேனிஷ்காரருக்கும் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள், "சம்பந்தி, வாங்கோ" என்றார்கள். சந்தனத்தைச் சிலர் மணந்து பார்த்தார்கள், ஒருவர் நக்கியும் பார்த்தார். எல்லன் சக்கர நாற்காலியில் முன்வரிசை நடுவில். அவளுடைய கறுத்த லேஸ் சிம்மாசனத்தில் விரிப்பாகக் கிடந்தது. பாட்டுக்குப் பாட்டு ஒருவர் டேனிஷில் இரண்டு வசனம் சொல்லி விளக்கினார்.

யசிந்தா கொலுவுக்கு வந்தாள். மத்தளத்துக்குக் கால் சரியாக விழுந்தது. குருசுமுத்து ஓரத்தில் நின்று பார்த்தான். இத்தனை ராணி வேடம் கட்டியவனுக்கு ராணி என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. ராணியாகப்பட்டவளை ஆரும் பெண் கேட்க முடியாது, அவளேதான் கேட்க வேண்டும். விக்ரோரியாவும் அப்படித்தான் அல்பேர்ட்டைக் கேட்டா. இளவரசர் வந்து நின்றார், கடன் வாங்கின கோட்டுசூட்டில், இரண்டு நிறத்து முகத்தோடு. யசிந்தா பாடினாள்:

"கேட்க வருவார் யாருமில்லை – என்னைக்
கேட்கத் துணிந்தோர் எவருமில்லை
நாட்டுக்கு ராணி நானே கேட்கிறேன்
நாயகனாய் வர மனமுண்டோ?"

அன்ரனி அண்ணை கட்டினது அதோடு முடிந்தது. இளவரசர் தலையாட்ட வேண்டும், மத்தளம் முழங்க வேண்டும். ஆனால் ராணி கையை உயர்த்தி மத்தளத்தை நிறுத்தினாள். ஊர்ப் பேச்சில், அவனுக்கு மட்டும் சொல்வதுபோல, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"அண்டைக்கு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களையும் கேக்கேல்லை. இப்ப நான் கேக்கிறன். மணமில்லாத கடலைத் தாண்டி வந்திருக்கிறன், என்ர விருப்பத்திலதான் வந்தனான். என்னோட இருக்க உங்களுக்குச் சம்மதமோ?"

அன்ரனி அண்ணை மேடையோரத்தில் பாட்டுக் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குருசுமுத்து தலையாட்டினான். அது போதாது என்று அவனுக்கே பட்டது. வாயைத் திறந்தான். இரண்டு நாளாக வராத குரல், துருப்பிடித்த கதவு மாதிரிக் கிறீச்சிட்டு வந்தது.

"ஓம்."

தமிழர் பக்கம் விசிலடித்தது. டேனிஷ்காரருக்கு விளக்குகிறவர், கட்டாத வசனத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார். எல்லன் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"அவன் ஆமென்று சொல்லிவிட்டான்!" என்று மண்டபத்துக்கே அறிவித்தாள். "பார்த்தால் தெரியவில்லையா?"

அதற்குப் பிறகு எல்லாம் ஓடிப்போனது. ஒன்பது பிள்ளைகளும் ஒரே பாட்டில் பிறந்தார்கள். மூத்தவருக்குக் கலியாணம் நடந்தது. டேனிஷ் மருமகளாக வந்த சிவானந்தன் மாமியாரை வாயால் வெளுத்து வாங்கினான், சம்பந்திகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மகனையும் மருமகளையும் மகாராணியும் இளவரசர் அல்பேர்ட்டும் சேர்ந்து நின்று ஆசீர்வதிக்க மங்களம் பாடினார்கள்.

முடிந்ததும், சரித்திரம் படிப்பிக்கிற ஒரு டேனிஷ் ஆசிரியர் அன்ரனி அண்ணையிடம் வந்து பணிவாகச் சொன்னார்: நிகழ்ச்சி அருமை, ஒரு சின்ன விசயம், மகனின் திருமணத்துக்கு முன்பே அல்பேர்ட் இறந்துவிட்டார்.

அன்ரனி அண்ணை மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மகாராணி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இளவரசரின் வாய்க்குள் தேனும் மிளகும் ஊற்றிக்கொண்டிருந்தா.

"அது உங்கட புத்தகத்தில" என்றார். "எங்கட கூத்தில அவர் சாகேல்லை."